நாலு மூலைக்கும் ஒரே கனம்

நான்கு ரப்பர்த் தட்டுகள். ஒரே கடையில், ஒரே உறைக்குள் வாங்கியவை. அடுக்கி வைத்துப் பார்த்தாலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கனத்தில் இம்மியும் வித்தியாசம் கிடையாது.

நேற்று அவற்றை வண்டியின் நான்கு ஸ்பிரிங்குகளோடும் சேர்த்துப் பொருத்தியாயிற்று. இன்று காலையில் அளந்து பார்த்தால், வண்டியின் முன்பக்கம் இரண்டு விரல் உயர்ந்திருக்கிறது. பின்பக்கம் நான்கு விரல்!

டைல்ஸ்காரன் டேப்பைச் சுருள விட்டுவிட்டு மறுபடி இழுத்தான். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை. அதே கணக்குத்தான்.

தரை சரிவோ என்று சந்தேகம். ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். குமிழி நடுவில் நின்றது. வண்டியைத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் வாலை நிறுத்திப் பார்த்தான். அப்போதும் வால்தான் உயரம்.

"என்னங்க, வண்டி எதையோ தொலைச்சுட்டுத் தரையில தேடற மாதிரி நிக்குது?" என்றபடி அவன் மனைவி வெளியே வந்தாள்.

"சிரிக்காத. நாலுலயும் ஒரே கனம்தான் போட்டிருக்கு. எப்படி இது?"

"மெக்கானிக் எதையாவது மாத்திப் போட்டுட்டாரோ?"

"நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒண்ணு கூட, ஒண்ணு கொறச்சல்னு இருக்கவே கூடாதுன்னு சொல்லி, நானே ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன்."

அவனுடைய தொழில் அவனை அப்படிச் சொல்ல வைத்தது. தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் விற்கிறவன். கல்லின் நான்கு மூலைக்கும் அடியில் ஒரே கனத்தில் பசை இருந்தால் கல் மட்டமாக உட்காரும். ஒரு மூலை குறைந்தாலும் நடக்கிறவர் காலைத் தட்டும். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போயிருந்தது. காரும் நான்கு மூலையுள்ள ஒரு பெரிய கல்தான் என்று அவன் நினைத்துவிட்டான்.

வண்டியை எதற்காக உயர்த்தினான் என்பது சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை.

அது கிராஸ்ஓவர் ரகம். பார்வைக்கு ஜீப்பின் தம்பி. அடிவயிற்றைப் பார்த்தால் சாதாரணக் கார்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முன்னால் அவனும் மனைவியும். பின்னால், வழியில் ஏற்றிக்கொண்ட அவளுடைய சித்தப்பா, சித்தி. கதவோரம் அவன் அம்மா. மாமனாரின் அடுக்குமாடி வாசலில் ஒரு மேடு. ஏறும்போது வண்டியின் அடிப்பாகம் ‘கர்ர்ர்’ என்று தேய்த்தது. பின்னால் நகர்த்தி மறுபடி ஏற்றினான். மறுபடியும் ‘கர்ர்ர்’. எதிரே மாமனாரும் மாமியாரும் வரவேற்க நிற்கிறார்கள். பின்னால் இன்னொரு வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். அந்த அவசரத்தில் அவன் வாயில் வந்தது இது:

"அம்மா, நீ மட்டும் கொஞ்சம் எறங்கிக்கோயேன்."

அம்மா பருத்த உடம்புக்காரி. இறங்கினாள். வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

"பாத்தியா, இப்ப எப்படி ஏறிடுச்சு!" என்று சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சித்தி சிரித்தாள். அம்மாவின் மருமகளான அவன் மனைவியும் சிரித்தாள். வண்டிக்குப் பின்னாலேயே மேட்டில் நடந்து வந்த அம்மாவும் சிரித்தாள்.

அன்று வீடு திரும்பும்போது, "எனக்கு வழியில ஒரு வேலை இருக்குடா" என்று சொல்லி பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவே இல்லை.

இன்று அம்மாவுக்கு வேலையில் கடைசி நாள்.

நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அந்தப் பகுதியில் தண்ணீரைக் கண்டு அலறாத பெரியவர்களில் பாதிப் பேர், சின்ன வயதில் அவள் உள்ளங்கையில் மிதந்தவர்கள். ‘நீச்சல் டீச்சர்’ என்றால்தான் யாருக்கும் தெரியும். சாயங்காலம் அவளுக்கு வழியனுப்பு விழா. எல்லோரும் பார்க்க அம்மாவைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும், அதுதான் அவன் ஆசை. ஆனால் குளத்தின் வாசலிலும் ஒரு வேகத்தடை இருக்கிறது. அடுக்குமாடி மேட்டுக்கு அண்ணன் மாதிரி. அங்கே, அத்தனை பேர் முன்னால், மறுபடி ஒரு ‘கர்ர்ர்’ கேட்டால்?

அதற்காகத்தான் நேற்று அவசர அவசரமாகத் தட்டுகளைப் பொருத்தினான்.

அம்மா தோளில் பையும் கழுத்தில் விசிலுமாக வெளியே வந்தாள்.

"அம்மா, வண்டிய ஒசத்திட்டேன். இனிமே எங்கயும் இடிக்காது. சாயங்காலம் நாங்க வந்து உன்னக் கூட்டிட்டு வரோம்."

"உனக்கு எதுக்குடா வீண் அலைச்சல்? குளத்து வாசல்லயே பஸ் நிக்குது."

"கடைசி நாள் அதுவுமா பஸ்லயா?"

"இத்தன வருஷமா என்னச் சுமந்தது அதுதானே? அதுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிக்க வேண்டாமா?"

"விளையாடாதம்மா. இப்பவே ஏறு, கொண்டுபோய் விடறேன்."

மருமகள் பின்கதவைத் திறந்து பிடித்தாள். "ஒரே ஒரு தடவ ஒக்காந்து பாருங்க அத்தை."

அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பையை மருமகளிடம் கொடுத்துவிட்டு வலது காலைத் தூக்கினாள்.

கால் வைக்க வேண்டிய இடம் நான்கு விரல் மேலே போயிருந்தது. முட்டி அந்த அளவுக்கு மடங்க மாட்டேன் என்றது. கைப்பிடியைப் பிடித்து உந்தினாள். ஒரு கால் வண்டிக்குள், ஒரு கால் தரையில். உட்கார வேண்டிய இருக்கையோ அவள் இடுப்பளவுக்கு நின்றது. இன்னொரு முறை உந்தினாள். மூச்சு வாங்கியது.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "நான் வேணா ஒரு கை குடுக்கட்டுமாங்க?"

அம்மா காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"வேண்டாங்க. பஸ்ல படி இருக்கு," என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். பையை வாங்கி மாட்டிக்கொண்டாள். "நீ வேலையப் பாருடா," என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

அவனுக்குக் காது மடல் வரை சூடேறியது. போன வாரம் மாமனார் வீட்டு வாசலில் செய்ததைத் துடைக்கப் போய், இந்த வாரம் சொந்த வீட்டு வாசலிலும் அதையே செய்துவிட்டான்.

மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு ஃபோன் செய்து லீவு சொல்லிவிட்டு, உடை மாற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சாத்திக்கொள்ளவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. அழுத்தினாள். கீல் பக்கம் ‘நறுக்’ என்றது.

குனிந்து பார்த்தால், துணி உலர்த்தும் கிளிப் ஒன்று கீலை ஒட்டிய இடுக்கில் சிக்கிக் கிடந்தது. ஒரு விரல் கனம்கூட இல்லை. இதற்கா ஒரு சாண் திறந்து நின்றது?

எடுத்தவள் அதைத் தூர எறியவில்லை. கையில் வைத்து உருட்டினாள். பிறகு கதவின் பூட்டு இருக்கும் ஓரத்தில் கிளிப்பை வைத்துச் சாத்தினாள். கதவு சரியாக ஒரு கிளிப் அளவுக்குத் திறந்து நின்றது. எக்கி நின்று, நிலையின் மேல்சட்டத்தில் நடுவாக்கில் வைத்துச் சாத்தினாள். பூட்டுப் பக்கம் இரண்டு கிளிப் அளவு திறந்தது.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

"என்ன, கதவும் ஒசந்துடுச்சா?"

"வந்து பாருங்க. பொருள் ஒண்ணுதான். வைக்கிற எடத்தப் பொறுத்து திறக்கிற அளவு மாறுது."

அவன் பார்த்தான். மறுபடி செய்து காட்டச் சொன்னான். பிறகு தானே செய்து பார்த்தான். அப்புறம் இருவரும் பாயையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, தலையை மட்டும் நீட்டி அடியில் எட்டிப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரர் இந்த முறை உதவ வரவில்லை.

அடியில் இருந்தது இதுதான். முன்சக்கரத்தை ஒட்டி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, ஒரு தூண் மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. அந்தத் தூணின் தலையில் தட்டு இருக்கிறது. தூண் எவ்வளவு வளர்ந்ததோ, வண்டியும் அவ்வளவே உயரும். பின்னால் அமைப்பு வேறு. அங்கே ஒரு நீண்ட இரும்புக் கை. அதன் ஒரு முனை கீல் போல வண்டியின் உடம்போடு பூட்டியிருக்கிறது, மறுமுனையில் சக்கரம். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது சக்கரத்தின் மேல் அல்ல, அந்தக் கையின் ஏறக்குறைய நடுவில். அங்கே தட்டை வைத்தால், நடுவில் ஒரு பங்கு விரியும்போது முனை இரண்டு பங்கு விரிந்தாக வேண்டும். கதவு மாதிரியேதான்.

"அப்போ முன்னால போட்டது, பூட்டுப் பக்கம் வச்ச கிளிப்பு," என்றான் அவன், பாயில் படுத்தபடியே.

"பின்னால போட்டது, நடுவுல வச்ச கிளிப்பு."

"ரெட்டிப்பாத்தான் தூக்கும்."

"பின்னால பாதிக் கனம் போட்டா போதும்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "வண்டிய டைல்ஸ்னு நெனச்சுட்டேன்டி."

"நல்லவேள, ஓரத்துல சிமென்ட் பூசாம விட்டீங்க."

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். நேற்றுத் தட்டு பொருத்திய மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் ‘ஸ்பானர்’ என்று பெயர். ஆளும் ஒல்லியாக, தலையும் பாதமும் மட்டும் அகன்று அப்படித்தான் இருப்பார்.

"பாதிக் கனத் தட்டு இருக்கு சார், ஒரு மணி நேர வேலைதான். ஆனா ஒசரம் மாறினா சக்கரத்தோட கோணமும் மாறும். ஹெட்லைட்டும் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். ரெண்டையும் சரி பண்ணித்தான் குடுப்பேன். நேத்து அதுவரைக்கும் நீங்க நிக்கல, ஓடிட்டீங்க."

"இன்னைக்கு நிக்கிறேன் அண்ணே."

"டிக்கியக் காலி பண்ணிக் குடுங்க. நேத்து அவசரத்துல பாரத்தோடயே தூக்கிட்டேன்."

அவன் டிக்கியைத் திறந்தான். உள்ளே ஆறு அட்டைப்பெட்டிகள், மாதிரி டைல்ஸ். ஒன்றை இறக்கினான். இரண்டாவதைத் தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு பக்கம் பிடித்த மருமகளுக்கு விரல் நசுங்கியது.

"இது அப்பாவுக்குக் காட்ட எடுத்துட்டுப் போனதுதானே? பாத்ரூமுக்கு?"

"ஆமா."

"எறக்கவே இல்லையா?"

"அன்னைக்கு யாரும் கேக்கல. அப்படியே கெடக்குது."

கடைசிப் பெட்டியையும் இறக்கியதும் வண்டியின் பின்புறம் பெருமூச்சு விட்டதுபோல மெல்ல எழும்பியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கதவைப் புரிந்துகொண்ட மூளை சும்மா இருக்குமா? மருமகளின் பார்வை டிக்கியிலிருந்து பின்சக்கரத்துக்கும், அங்கிருந்து பின் இருக்கைக்கும் போய் வந்தது.

டிக்கி, பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே கனம் வைத்தால் வண்டி பூங்காவிலிருக்கும் சீசா பலகை மாதிரி ஆகும். பின்சக்கரம்தான் நடுக்கட்டை. வால் கீழே அழுந்தும், மூக்கு கொஞ்சம் மேலே எழும்பும். அதனால் பெட்டிகளின் முழுக் கனமும், அதற்கு மேல் கொஞ்சமும் பின்சக்கரத்தின் தலையில் விழும். இருக்கையில் உட்கார்ந்தவர் விஷயம் அப்படியல்ல. அவர் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறார். அவர் கனத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும்.

"என்னங்க... இந்தப் பெட்டிங்கள எறக்கியிருந்தாலே..."

"சொல்லாத."

"அத்தைய எறக்கியிருக்க வேண்டியதே இல்ல."

"சொல்லாதன்னேன்ல."

ஸ்பானர் ஏதோ தேடுகிறவர் போல உள்ளே போய்விட்டார்.

அவன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான். அன்று பெட்டிகள் டிக்கியில் இருந்தது அவனுக்கு மறக்கவில்லை. காலையில் அவனேதான் ஏற்றினான். ஆனால் பெட்டி சொன்னால் இறங்காது. ஆள் இறங்கி, டிக்கியைத் திறந்து, சட்டை அழுக்காக ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். அம்மா சொன்னால் இறங்குவாள். காரணம் அவ்வளவுதான். அதைவிடச் சின்னக் காரணம் ஒன்றை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றாள் மருமகள். "பெட்டி இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. அப்பா அம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, டிக்கியத் திறந்துக்கிட்டு அசிங்கமா இருக்குமேன்னு வாய மூடிக்கிட்டேன். அதோட விட்டேனா? சிரிச்சேன் வேற."

அவளைத் திட்ட அவனுக்கு இடமில்லை. அவளுக்கும் அவனைத் திட்ட இடமில்லை.

பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்க அவள் தன் அப்பாவுக்கு ஃபோன் செய்தாள்.

"டைல்ஸா? அது கெடக்குதும்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அவர். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க அத்தைகிட்ட ஒண்ணு சொல்லிடு. அன்னைக்குக் கெளம்பும்போது அவங்க கேட்டாங்களே, அதுக்கு எங்களுக்குச் சம்மதம்."

"என்னப்பா கேட்டாங்க?"

"உங்ககிட்ட சொல்லலையா? அப்போ அவங்களே சொல்லட்டும்." வைத்துவிட்டார்.

நீச்சல் குளத்தில் குளோரின் நெடியும் ஈரக் கால்தடங்களும் எதிரொலியும்தான் முதலில் வரவேற்கும். வேகத்தடையை வண்டி சிரமமில்லாமல் தாண்டியது. ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே இருந்தது அவர்கள் இருவர் மட்டுமே. பின்பக்கமும் முன்பக்கமும் இப்போது ஒரே அளவு, இரண்டு விரல்தான் உயரம்.

வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்த உயிர்காப்பாளர் அவனைக் கண்டதும் வாயைப் பிளந்தார்.

"அட, டீச்சர் மகன்தானே? நீங்க வெளியூர்ல இருக்கீங்க, வர முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்களே! கடைசி நாள்லயும் ஏன் பஸ்லயே போறீங்கன்னு நாங்க எல்லாரும் அவங்களப் புடிச்சுக் கேட்டோம்."

அவன் தரையைப் பார்த்தான். பஸ்ஸில் போவதற்கு அவள் ஒரு பொய்யைத் தேடியிருக்கிறாள். அதிலும் மகனுக்கு அவப்பெயர் வராத பொய்.

"இல்லைங்க. உள்ளூர்லதான் இருந்தேன்," என்றான்.

அம்மா தண்ணீரில் இருந்தாள். கடைசி வகுப்பு. நடுவயதுப் பெண் ஒருத்தி குளத்தின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரொம்ப கனம் டீச்சர். முழுகிடுவேன்."

"யாரு சொன்னது? என்னப் பாரும்மா. உன்ன மாதிரி ரெண்டு பங்கு இருக்கேன். நான் முழுகறேனா?"

அம்மா கைகளை விரித்து மல்லாந்தாள். ஆடாமல், அலுங்காமல் மிதந்தாள். உடம்பு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் கனத்துக்குச் சமமாகக் குளம் அந்த உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். பெரிய உடம்பு நிறைய ஒதுக்கும். அதற்குக் கிடைக்கும் தாங்கலும் பெரிது.

"தண்ணிய நம்பு," என்றாள் அம்மா, கூரையைப் பார்த்தபடி. "ஆள் எவ்வளவு கனமா இருந்தாலும் அது தூக்கிக்கும். யாரையும் நீ மட்டும் எறங்கிக்கோன்னு சொல்லாது."

கரையில் நின்ற மகனை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். மருமகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அதை உதறிவிட்டு, குளத்தின் விளிம்பில், ஈரத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்தான்.

அம்மா திரும்பினாள். "நீ எப்படா வந்தே?"

"அம்மா, அன்னைக்கு வண்டி இடிச்சது உன்னால இல்ல. டிக்கியில ஆறு பெட்டி டைல்ஸ் இருந்துச்சு. அது உன்னவிட அதிகமா வண்டிய அழுத்தும். எனக்கு இன்னைக்குத்தான் கணக்குப் புரிஞ்சுது."

"பெட்டி இருந்தது எனக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"நீ ஏத்தும்போது டிக்கியப் புடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"அப்புறம் ஏம்மா எறங்கினே? பெட்டிய எறக்குடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீ எறங்குன்னே. எறங்கினேன்."

அவன் இன்னும் குனிந்தான். "உன்ன கனம்னு... அத்தன பேர் முன்னாடி..."

"டேய், கனம் எனக்குப் புதுசா? நீச்சல் டிரஸ் போட்டுக்கிட்டு நாள் பூரா இத்தன பேர் முன்னாடி நிக்கிறவ நான். யார் என்ன சொல்லல? ‘டீச்சர் குதிச்சா குளம் காலியாயிடும்’னு அந்த உயிர்காப்பாளரே சொல்லுவான், நானும் சிரிப்பேன்." அம்மா விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் எறங்குங்கன்னு நீ சொல்லியிருந்தா, மொதல்ல நான்தான் எறங்கியிருப்பேன். ‘நீ மட்டும்’னே பாரு. அந்த ‘மட்டும்’தான்டா..."

முடிக்கவில்லை. நீச்சல் கண்ணாடியைக் கழற்றி முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவிக்கொண்டாள். குளத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.

"நானும் சிரிச்சேன் அத்தை," என்றாள் மருமகள். "தப்புப் பண்ணிட்டேன்."

"பாத்தேன்," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை.

பாட்டும் கைதட்டலும் முடிந்து, மொத்தக் கூட்டமும் அவளை வழியனுப்ப வாசலுக்கு வந்தது. பஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அம்மா அதைப் பார்த்தாள். காரையும் பார்த்தாள். இத்தனை கண்கள் பார்க்க, காலையில் நடந்தது மறுபடி நடந்தால்?

"நீ பஸ்ல போறதா இருந்தா நானும் பஸ்லதான் வருவேன்," என்றான் மகன். "வண்டி இங்கயே கெடக்கட்டும்."

"கதவத் திற பாப்போம்," என்றாள் அம்மா.

மருமகள் முன்கதவைத் திறந்தாள். "காலைத் தூக்காதீங்க அத்தை. திரும்பி நின்னு மொதல்ல ஒக்காருங்க. கால அப்புறம் உள்ள எடுத்துக்கலாம்."

அம்மா திரும்பி நின்றாள். இருக்கை இப்போது இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு கால், பிறகு இன்னொரு கால். யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உயிர்காப்பாளர் பரிசுப் பொருட்களை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "டிக்கியத் திறங்க சார்!"

"டிக்கி வேண்டாம்," என்று மருமகள் பின் இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "என் மடியில வைங்க."

வேகத்தடைக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். இரண்டு பக்கமும் கூட்டம் கையசைத்துக்கொண்டிருந்தது. அவன் கதவின் பிடியில் கையை வைத்தான்.

"எங்கடா போறே?"

"நான் எறங்கிக்கறேன். அவ ஓட்டட்டும்."

"ஒக்காரு," என்றாள் அம்மா. "இடிச்சா எறங்கலாம். ஆனா எல்லாரும் எறங்கணும், நான், நீ, அவ, மூட்டை. போ."

முன்சக்கரங்கள் ஏறின, இறங்கின. வயிற்றுப் பக்கம் மேட்டின் மேல் வந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பின்சக்கரங்கள் ஏறின, இறங்கின. வெளியே கைதட்டும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

தெருமுனை திரும்பியதும் மருமகளுக்கு ஞாபகம் வந்தது. "அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். நீங்க கேட்டதுக்குச் சம்மதமாம்."

அம்மா சட்டென்று திரும்பினாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள். "அதுக்குள்ளயா சொல்லிட்டார்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

அவள் கேட்டது என்ன என்பது அடுத்த வாரம். அவன் ரோட்டைப் பார்த்தான். அடுத்த வேகத்தடையும் வந்தது. வண்டி அதையும் இடிக்காமல் தாண்டியது. முன்னால் முழுக் கனத் தட்டு, பின்னால் அதில் பாதி, டிக்கியில் பாரம் கூடாது. அதையும் மீறி என்றைக்காவது இடித்தால், முதலில் ஓட்டுகிறவன் இறங்க வேண்டும், பிறகு எல்லோரும்.